முதல் நட்டு

வாங்க சார். பாய் இல்ல. நாலு கடை தள்ளி ஒரு திறப்பு விழா, ஒரு எட்டு தலையக் காட்டிட்டு வந்துடறேன்னு போயிருக்காரு. நீங்க என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன். நான் கடை ஆள் இல்ல, மெக்கானிக்கு. இன்னாசின்னு கேட்டா இந்தத் திண்டுக்கல் டவுன்ல ஸ்கூட்டர், பைக் வச்சிருக்கவங்க பாதிப் பேருக்குத் தெரியும். இந்தக் கடையில எந்தச் சாமான் எந்த அட்டைப் பெட்டியில கெடக்குன்னு அவரவிட எனக்கு நல்லாத் தெரியும்.

ராட்செட் ஹேண்டிலா? நட்டு கழட்டுறதுக்கா? அடடே. சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. உக்காருங்க சார். அந்த ஸ்டூல இந்தப் பக்கமா இழுத்துப் போடுங்க, எனக்குத் தெரு தெரியணும்.

வீட்டுக்கா, பட்டறைக்கா? வீட்டுக்குத்தான், உங்க நகத்தப் பாத்தாலே தெரியுது. தப்பா நெனைக்காதீங்க. பட்டறைக்காரன் நகம் இவ்வளவு வெள்ளையா இருக்காது. ஸ்கூட்டருக்கா? நீங்களே ஆயில் மாத்தப் போறீங்க, பிளக் கழட்டப் போறீங்க, வீடியோ பாத்தீங்க. சரிதான். இப்ப எல்லாரும் வீடியோ பாத்துத்தான் கழட்டுறாங்க. கழட்டுற வரைக்கும் வீடியோ, மாட்டுறதுக்கு நாங்க. சும்மா தமாசுக்குச் சொன்னேன் சார், கோவிச்சுக்காதீங்க.

இருங்க. மைக்குல என்னமோ பேசுறாங்க. இல்ல, பாட்டுத்தான். இன்னும் ஆரம்பிக்கல போல.

ஆங், ஹேண்டில். ஆறு ஏழு ரகம் இருக்கு, எல்லாத்தையும் மேசைல போடுறேன். ஹேண்டிலக் கண்ணால பாத்து வாங்கக்கூடாது சார். கையில வாங்கிப் பாக்கணும். பளபளன்னு இருக்குன்னு வாங்கிட்டுப் போயி, மறுநாளே வேற குடுங்கன்னு வந்து நிக்கிறவங்கள எத்தனையோ பாத்திருக்கேன்.

இது பூரா இரும்பு. தலையிலருந்து வால் வரைக்கும் ஒரே இரும்பு. பட்டறைக்குன்னா கண்ண மூடிக்கிட்டு இதான். பட்டறையில கை பூரா கிரீஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய். வேலை முடிஞ்சதும் பெட்ரோல்ல முக்கி ஒரு தொடை தொடைச்சா புதுசாட்டம் ஆயிடும். வருஷக்கணக்கா நான் வச்சிருந்தது இதுதான். ஆனா இப்ப வர்ற இரும்பு சரியில்ல சார். பாலிஷ் போட்டே கெடுத்துட்டாங்க. முன்னெல்லாம் பிடிக்கிற எடத்துல சொரசொரன்னு கோடு போட்டிருப்பான். இப்ப அதுவும் பேருக்குத்தான். கையில நிக்கவே மாட்டேங்குது, இந்தா பாருங்க, இப்படிப் பிடிச்சா...

ஐயோ. பாத்தீங்களா? பாத்தீங்களா சார்? வழுக்கிருச்சு. இதத்தான் சொன்னேன். கொஞ்சம் எடுத்துக் குடுங்க. உங்க கால்ல படலையே? நல்லவேளை.

வச்சுருங்க, அது வேண்டாம் நமக்கு.

இது ரப்பர் கைப்பிடி. வீட்டுக்கு நல்லா இருக்கும். மெத்துன்னு இருக்கும், உள்ளங்கைய உறுத்தாது. மாசத்துக்கு ஒரு நாள் வேலை செய்யுற கைக்கு இது சொகம். பட்டறைக்கு ஆகாது. பெட்ரோல் பட்டுப் பட்டு ரப்பர் ஊதிப் போயிடும், பிசுபிசுன்னு ஆயிடும். கடைசியில இரும்பு ஒரு பக்கம் நிக்கும், ரப்பர் ஒரு பக்கம் சுத்தும். போன மழைக்கு அப்புறம் நானே மூணு வாங்கிட்டேன். மூணும் சரியில்ல.

எதுக்கு மூணுன்னு கேக்குறீங்க. கைக்குத் தோதா அமையணும்ல? என் வீட்லயும் இதே கேள்விதான். 'ஏங்க, ஹேண்டில் மேல ஹேண்டிலா வாங்கிட்டு வர்றீங்களே, ஒரு நாள் டாக்டர்கிட்டப் போயிட்டு வருவோம்'னா. ஹேண்டில் சரியில்லாததுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு? டாக்டர் ஹேண்டில் செய்வாராக்கும்?

என் வீட்லன்னா புஷ்பம், என் சம்சாரம். அவ பட்டறைதான் சார் இன்னைக்குத் திறக்குறாங்க. அந்த நாலு கடை தள்ளி.

ஆமா, என் சம்சாரம்தான். ஸ்கூட்டர் பட்டறைதான். நீங்க முழிக்கிற மாதிரிதான் ஊரே முழிச்சுச்சு.

அப்ப நீ இங்க என்ன பண்றேன்னுதான கேக்குறீங்க? பாய் கடையப் பாத்துக்கச் சொன்னாரு. கடைய விட்டுட்டு எப்படி வர்றது? ஒரு பொறுப்பு இருக்குல்ல.

சரி, பாய் சொல்லல. நான்தான் சொன்னேன், நீங்க முன்னால போங்க, நான் கடையில இருக்கேன்னு. அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. 'என்ன இன்னாசி, நீதானப்பா இன்னைக்குக் கை வைக்கணும்'னாரு. வர்றேன் போங்கன்னேன். ஒரு ஹேண்டில் மட்டும் பாத்துட்டு வர்றேன்னேன்.

கை வைக்கிறதுன்னா உங்களுக்குத் தெரியாதுல்ல. இந்தப் பக்கத்து மெக்கானிக்குங்க கிட்ட ஒரு வழக்கம். புதுசா ஒரு பட்டறை திறந்தா, மொத வண்டியோட மொத நட்ட அந்த ஓனர் கழட்டக்கூடாது. கைராசி உள்ள ஒருத்தரக் கூப்பிட்டுக் கழட்டச் சொல்லணும். அதுவும் பின்சக்கரத்து நட்டு. சக்கரம் மாதிரி தொழிலும் நிக்காம ஓடணும்ல. டி ராடுன்னு நீளக் கம்பி ஒண்ணு இருக்கு, அதப் போட்டு, ஏறி மிதிச்சுக் கழட்டுனா அது கணக்குல சேராது. ராட்செட்லதான் கழட்டணும். இழுத்தா நட்டு இளகணும், கையப் பின்னால கொண்டு போகயில டிக்டிக்டிக்னு சத்தம் வரணும், சுத்தி நிக்கிறவங்க காதுல அது விழணும். கை வைக்கிறவரு சொந்தச் சாமான் கொண்டு போகக்கூடாது. அந்தப் பட்டறைக்காரங்க தட்டுல வச்சுக் குடுக்கறதத்தான் எடுக்கணும். அவ்வளவுதான். அப்புறம் கேக்கு, காப்பி, கெளம்பிடலாம்.

இந்த ஊர்ல அந்தக் கை இந்தக் கைதான் சார். பெருமைக்குச் சொல்லல. நத்தம் ரோடு, பேகம்பூர், வத்தலக்குண்டு வரைக்கும் கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. சர்ச்சுச் சாமியார் மந்திரிப்பாரு, பூசாரி சூடம் காட்டுவாரு, பாய்மாருங்க ஓதுவாங்க. எந்தச் சாமியா இருந்தாலும் கடைசியில நட்டுக்கு என் கைதான். நான் கை வச்ச பட்டறை ஒண்ணுகூட மூடுனதில்ல. ஒண்ணு மூடுச்சு, அது அவன் குடிச்சே மூடுனான், அத என் கை மேல எழுதக்கூடாது.

பாட்டு நின்னுருச்சா? நின்ன மாதிரி இருந்துச்சு. நீங்க எட்டிப் பாத்தா கூட்டம் தெரியும். எத்தனை பேர் இருப்பாங்க? அவ்வளவு பேரா.

சரி, இதப் பாருங்க. நீளக் கைப்பிடி. முழங்கை நீளம் இருக்குல்ல? துருப்பிடிச்ச நட்டுக்கு இதான் சரி. நீளம் கூடக்கூட கைக்குப் பலம் கம்மியாப் போதும், மிச்சத்த நீளம் பாத்துக்கும். ஆனா வீட்டுக்கு இது வேண்டாம் சார். சொல்றேன்ல, வேண்டாம். நீங்க ஆசையா பிளக் மாட்டுவீங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இழுப்பீங்க, இது உங்க கைக்கே தெரியாம மரையத் தின்னுடும். அலுமினியம் சார், வெண்ணெய் மாதிரி. மரை போயிட்டா அப்புறம் எஞ்சினத் தூக்கிக்கிட்டு அலையணும். நீளத்த வச்சு வேலை செய்யவும் ஒரு பிடி வேணும். பிடி இருந்தாத்தான் நீளம் உதவும். அது எனக்கு இந்த ஆறு மாசத்துலதான் தெரிஞ்சுச்சு.

இது குட்டை. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். சந்து பொந்துல நுழையும். உங்களுக்கு எதுக்கு அது? இது கழுத்து மடங்குறது. தலைய எந்தப் பக்கம் வேணும்னாலும் சாய்ச்சுக்கலாம். நல்ல சாமான்தான், ஆனா பழகாத கையில தலையாட்டிக்கிட்டே இருக்கும், நட்ட விட்டு நழுவி வெரல் முட்டியப் பேத்துடும்.

நீங்க பிடிச்சிருக்கீங்கல்ல, அதோட தலைக்குப் பின்னால ஒரு சுவிட்ச் இருக்கும். கழட்டுறதுக்கு ஒரு பக்கம், மாட்டுறதுக்கு ஒரு பக்கம். பெருவெரலால தள்ளுங்க. இல்ல இல்ல, நீங்களே தள்ளுங்க. எனக்குத் தெரியாமலா? நீங்க பழகணும்ல. சில கம்பெனிக்காரன் அந்தச் சுவிட்ச ரொம்பப் பொடியா வச்சுடறான், வெரலுக்குத் தட்டுப்படவே மாட்டேங்குது. உங்களுக்குத் தட்டுப்படுதா? சரி.

புஷ்பத்துக்கு ஸ்பேனர் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான். பிள்ளைங்க ரெண்டும் ஹாஸ்டலுக்குப் போனதும் வீட்ல சும்மா உக்கார முடியலன்னு பட்டறைக்கு வந்தா. மொதல்ல சாமான் கழுவிக் குடுத்தா. அப்புறம் கார்பரேட்டர். ஒரு நாள் பாத்தா கிளட்ச் பிளேட்ட மாத்திக்கிட்டு உக்காந்திருக்கா. அத நான் சொல்லிக் குடுக்கவே இல்ல சார், பாத்தே கத்துக்கிட்டா. கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா கஸ்டமர் வந்தா நான்தான் வண்டிகிட்ட நிப்பேன், நீ பின்னால போயிருன்னு சொல்லிடுவேன். அவளும் சரிங்கன்னு போயிருவா. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

மழைக்கு அப்புறந்தான் ஒரு தடுமாத்தம். எனக்கு இல்ல, சாமானுக்கு. காலையில எந்திரிச்சா கை மரத்துப் போய் இருக்கும், பெருவெரலும் அதுக்கு அடுத்ததும். நாலு உதறு உதறுனா சரியாப் போயிடும். எல்லாருக்கும் இருக்கறதுதான். உங்களுக்கு இருக்கா? இல்லையா? சரி, உங்களுக்கு உக்காந்து பாக்குற வேலை. டீ கிளாசு ரெண்டு மூணு விழுந்துச்சு. கிளாசுல எண்ணெய்ப் பிசுக்கு. அப்புறம், நான் மாட்டி அனுப்புன வண்டி ஒண்ணு நட்டு லூசா இருக்குன்னு திரும்பி வந்துச்சு. டைட் வச்சது எனக்குத் தெரியாதா? நம்ம ரோடு லட்சணம் அப்படி. குழியில விழுந்து விழுந்து எழுந்தா எந்த நட்டுத்தான் நிக்கும்?

அதுக்கு அப்புறம் இவ என்ன பண்றா, நான் டீக்குப் போற நேரம் பாத்து, நான் முடிச்சு வச்ச வண்டிங்கள ஒவ்வொண்ணா டைட் வச்சுப் பாக்குறா. என் கண்ணால பாத்தேன். என்னடி பண்றேன்னேன். 'சும்மா தொடைச்சுக்கிட்டு இருந்தேங்க'ன்னா. கையில துணி இல்ல சார். துணி இல்லாம தொடைக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்னு சொல்லிட்டு, அன்னைக்கு நான் சோறு திங்கல.

வர்றவங்களும் 'அக்கா இல்லையா?'ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அண்ணன் முழுசா நிக்கிறேன், அக்கா இல்லையான்னு கேட்டா எப்படி இருக்கும்?

வத்தலக்குண்டுல நடந்தது தெரிஞ்சாத்தான் உங்களுக்கு என் ஆத்திரம் புரியும். கிருபாகரன்னு ஒருத்தன், புதுப் பட்டறை, கை வைக்கக் கூப்பிட்டான். புஷ்பமும் கூட வந்தா. மாலை போட்டாங்க, வெடி போட்டாங்க. தட்டுல ரப்பர் பிடி போட்ட ஹேண்டில நீட்டுனான், புத்தம் புதுசு. நட்டுல மாட்டி ஒரு இழுப்பு இழுத்தேன். அசையல. இன்னொரு இழுப்பு. கை உருவிக்கிட்டு வந்துருச்சு. கைன்னா, ரப்பர். ரப்பர்தான் சுத்திருச்சு. யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு நெத்தியெல்லாம் வேத்துப் போச்சு. அப்ப இவ, வண்டி ஆடுது, நான் பிடிச்சுக்கறேன்னு சொல்லிக்கிட்டு எதுத்தாப்புல வந்து குத்த வச்சா. ஒரு கை சக்கரத்துல. இன்னொரு கை சேலை மறைவுல கீழாப்புல வந்து ஹேண்டிலோட நுனியப் பிடிச்சுச்சு. அடுத்த இழுப்புல நட்டு இளகிருச்சு. டிக்டிக்டிக். எல்லாரும் கை தட்டுனாங்க.

யாரும் பாக்கல. எனக்கு மட்டும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியும்.

திரும்பி பஸ்ல வரயில அவதான் ஜன்னலப் பாத்துக்கிட்டே, 'கைய ஒரு தடவ காட்டிருவோம்ங்க'ன்னா. எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. உன்னைய யாரு நடுவுல கை வைக்கச் சொன்னா, இன்னொரு இழுப்புல நானே கழட்டியிருப்பேன்னு கத்திட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. நீங்க நியாயத்தச் சொல்லுங்க சார். மொத ரெண்டு இழுப்பு இழுத்தது யாரு? அதுலயே நட்டு பாதி இளகியிருக்கும்ல? கடைசியில ஒரு தொடு தொட்டதுக்காக அது அவ கழட்டுனதா ஆயிடுமா?

சொல்லுங்க. ஆகாதுல்ல?

அந்த ஹேண்டில ஏன் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க?

அதுக்குப் பெறகு கொஞ்ச நாள் பேச்சு வார்த்தை இல்ல. ஒரு நாள் அவளா வந்து சொன்னா, தனியா எடம் பாத்திருக்கேன்னு. எதுக்குடி, நம்ம பட்டறை இல்லையான்னேன். 'உங்க பட்டறையில நான் வேலை செஞ்சா, நீங்க என் கையவே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நான் உங்க கையவே பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி இல்ல'ன்னா. பேச்சப் பாருங்க. என் நிம்மதிய நான் இவகிட்டக் கேட்டனா?

சாமான் எல்லாம் இந்தக் கடையிலதான் எடுத்திருக்கா. எந்த ஹேண்டில் வாங்கட்டும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இத்தனை வருஷம் இதிலயே கெடந்தவன் வீட்டுக்குள்ள இருக்கான், அவன்கிட்டக் கேக்கணும்னு தோணல. நான்தான் மானங்கெட்டுப் போயி பாய்கிட்டக் கேட்டேன், என்ன ஹேண்டில் எடுத்தான்னு. 'அத உன் சம்சாரத்துக்கிட்டக் கேளுப்பா'ன்னுட்டாரு. இரும்பா ரப்பரா, நீளமா குட்டையா, ஒண்ணும் தெரியாம நான் எப்படி அங்க போயி நிக்கிறது? தட்டுல எதை வச்சிருக்காளோ, யாருக்குத் தெரியும்?

இல்ல சார், பயம்லாம் இல்ல. என்ன பயம்?

காலையில சொன்னா. சேலை மாத்திக்கிட்டு வந்து நின்னு, 'பதினோரு மணிக்குச் சாமியார் வர்றாரு. நீங்கதான் கை வைக்கணும்'னா. பாக்கலாம்னேன். 'பாக்கலாம் இல்ல, வாங்க'ன்னா. வேற யாரையாவது கூப்பிட்டுக்கன்னேன். கெளம்பிப் போயிட்டா. நடந்துதான் போனா. அவ போறத வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். புதுச் செருப்பு, சரியா நடக்க வரல.

போகக்கூடாதுன்னு இல்ல. கெளம்பித்தான் வந்தேன். இந்தக் கடை வாசல் வரைக்கும் சரியா வந்தேன். இதுக்கு அப்பால கால் நகரல. சரி, ஒரு ஹேண்டிலப் பாத்துட்டுப் போவோம், கையில ஒரு தடவ பிடிச்சுப் பாத்துட்டுப் போவோம்னு உள்ள வந்தேன். எல்லாத்தையும் பிடிச்சுப் பாத்துட்டேன் சார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவ எல்லாத்தையும் பாத்துட்டேன்.

உங்களுக்கு அந்த ரப்பரே போதும். நடுத்தர நீளம். வேலை முடிஞ்சதும் தொடைச்சு வச்சுருங்க, பெட்ரோல்ல முக்காதீங்க. நட்டு வரலன்னா இதுல குழாய் கிழாய்னு சொருகி இழுக்காதீங்க, உள்ள இருக்கிற பல்லு போயிடும். அதுக்கு டி ராடு இருக்கு. வேற என்ன? எல்லாஞ் சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன்.

அந்தா, பாய் வர்றாரு. கையில கேக்கு ஒண்ணும் காணமே.

என்ன பாய், முடிஞ்சுதா? என்னது, முடியலையா? சாமியார் மந்திரிச்சாரா? மந்திரிச்சுட்டுக் கெளம்பிட்டாரு, அப்புறம் என்ன? யாரு கை வச்சா? யாரும் வைக்கலையா? ஏன், அந்த கிருபாகரன் வந்திருப்பான்ல, அவன வைக்கச் சொல்ல வேண்டியதுதான? கேட்டானா? அதுக்குப் புஷ்பம் என்ன சொன்னா? 'அவரு வருவாரு'ன்னாளா?

கேட்டுக்கிட்டீங்களா சார்? வருவாருன்னு சொல்லி ஊரையே நிக்க வச்சிருக்காளாம். கேக்கு கூட வெட்டாம. பிடிவாதம். பொறந்ததுலருந்தே பிடிவாதம்னு அவ அம்மாவே சொல்லும்.

என்ன பாய், காதுல வந்து சொல்றீங்க? சத்தமாவே சொல்லுங்க, சாரும் இவ்வளவு நேரம் எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. சொல்லுங்க. ஆமா, நீங்க மொத ஆளாப் போயிட்டீங்க. அவ மட்டுந்தான் இருந்தா. சரி. வண்டிகிட்ட உக்காந்து... டி ராடு போட்டு நட்ட இளக்குனாளா? எந்த நட்டு? பின்சக்கரத்து நட்டா? நான் கை வைக்கிற நட்டா?

நீங்க சரியாப் பாத்தீங்களா?

அப்புறம் திரும்ப மாட்டுனா. கையால மாட்டுனாளா, ஹேண்டில் போட்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாய், எனக்கு இது தெரியணும். ஹேண்டில் போட்டு. போட்டு, கழட்டுற பக்கம் இழுத்துப் பாத்தா. கொஞ்சம் தளத்துனா, திரும்ப இழுத்துப் பாத்தா. நாலஞ்சு தடவ. எந்தக் கையால? எடது கையாலயா? பெருவெரல மடக்கி வச்சுக்கிட்டா?

பெருவெரல மடக்கி வச்சுக்கிட்டு இழுத்துப் பாத்தாளா.

உக்காந்துக்கறேன் சார், ஒரு நிமிஷம்.

இல்ல, தண்ணி வேண்டாம். உங்களுக்கு இது புரியாது, சொல்றேன். நட்ட வெறுங்கையால மாட்டி விட்டிருந்தா வேலை சுலபம். ஒரு சின்னப் பிள்ளைகூட கழட்டிரும். ஆனா டிக்டிக் சத்தம் வராது. ஹேண்டிலப் பின்னால கொண்டு போனா நட்டும் கூடவே பின்னால வந்துரும். பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சு போயிரும், ஏற்கெனவே லூஸ் பண்ணி வச்சதுன்னு. சத்தம் வரணும்னா நட்டுல கொஞ்சம் பிடிப்பு இருக்கணும். பிடிப்பு கூடிப்போனா எனக்கு அசையாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல வச்சிருக்கா. பெருவெரல் இல்லாத ஒரு கை எவ்வளவு இழுக்கும்னு தன் எடது கையில இழுத்துப் பாத்து, அந்த அளவுக்கு வச்சிருக்கா.

என் கையில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்கே தெரியாது சார். நான் பாக்கவே இல்ல. ஹேண்டில மாத்தி மாத்தி வாங்குனேனே ஒழிய, கையப் பாக்கல. பயமா இருந்துச்சு. அவ பாத்து வச்சிருக்கா.

இதுக்கு எனக்குக் கோவம் வரணும். வத்தலக்குண்டுல வந்துச்சுல்ல, அந்த மாதிரி வரணும். வர மாட்டேங்குது.

பாய், எத்தனை பேர் இன்னும் நிக்கிறாங்க? அவ எங்க நிக்கிறா, உள்ளயா வாசல்லயா? வெயில்லயா நிக்கிறா?

நீங்க சாருக்கு அந்த ரப்பர் பிடிய எடுத்துக் குடுங்க. இதெல்லாம் பெட்டியில போட்டுருங்க பாய், எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

சார், நான் அங்க போறதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணுவீங்களா? இந்தச் சட்டைக் கையில ஒரு பட்டன் இருக்கு பாருங்க, காலையிலருந்து போடாமத் தொங்குது. புஷ்பம் போட்டு விடறேன்னு கிட்ட வந்தா, நான்தான் வேண்டாம்னு கையத் தட்டி விட்டுட்டேன். நீங்க கொஞ்சம் போட்டு விடுங்க. என் வெரலு பிடிக்க மாட்டேங்குது.